ஒட்டுக் கட்டுவோம், நல்ல மரத்தைக் காப்போம்

(வீட்டுத்தோட்டம் பற்றித் தோட்டக் குடும்பங்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கத்தில் பட்டர்புரூட் மரத்தைத் தெரியாதவங்க இல்லை. ஆனால் விதை போட்டு வந்த மரம் எப்படிக் காய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாய்மரத்தில் வெண்ணெய் மாதிரிச் சதை இருக்கும்; பிள்ளை மரத்தில் கொட்டைதான் பெரிசாக இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளவே ஆறேழு வருஷம் போய்விடும். 7 பேர்ச் காணி கிடைத்த குடும்பத்துக்கு, வீடு போக, ஒன்றிரண்டு மரத்துக்குத்தான் இடம் மிஞ்சும். லயத்தில் இருப்பவர்களுக்கு வாசல் பாத்திதான். அந்த இடத்தில் ஏழு வருஷத்தை வீணாக்கலாமா?

நல்ல மரத்தின் கிளையை ஒட்டினால் அதே பழம் வரும். மூன்று நான்கு வருஷத்தில் காய் பிடிக்கும். லயத்தை விட்டுப் புது வீட்டுக்குப் போகிறவர்கள் மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் ஒரு சாண் கிளையில் கொண்டுபோகலாம்.

அமெரிக்காவில் ருடோல்ப் ஹாஸ் என்ற தபால்காரர் 1920களில் விதை போட்டு வளர்த்த கன்று ஒன்று அருமையாகக் காய்த்தது. 1935 இல் அதைத் தன் பெயரில் பதிந்தார். இன்று உலகமெங்கும் விற்கிற ஹாஸ் பழமெல்லாம் அந்த ஒரே மரத்தின் கிளையிலிருந்து ஒட்டி ஒட்டி வந்தவை. தாய்மரம் 2002 இல் பட்டுப்போனது. பழம் அழியவில்லை.

இந்த வேலை நமக்கு அன்னியமில்லை. வீ.பி. தேயிலைத் தவறணையில் ஒற்றை இலையோடு தண்டை வெட்டி, பையில் நட்டு, பொலித்தீன் போட்டு மூடிய கைகள்தானே நம்முடையவை!

இனிச் சாமான்களைப் பார்ப்போம்.

கத்தி: கவ்வாத்துக் கத்தி வேண்டாம். அது தடிப்பு, இளந்தண்டை நசுக்கிவிடும். புது சவர பிளேட் அல்லது நன்றாகத் தீட்டிய சிறு கத்தி போதும். கொதிநீரில் போட்டு எடுத்துத் துடையுங்க.

கட்டும் நாடா: தெளிவான, மெல்லிய பொலித்தீனை ஒரு விரல் அகலத்தில் வெட்டிக்கொள்ளுங்க. இழுத்துச் சுற்றலாம், தண்ணீர் உள்ளே போகாது. சணல் தண்டை வெட்டும். துணி ஈரத்தை இழுத்து அழுகவைக்கும். வெட்டிய இடத்தில் சாணமோ மண்ணோ பூசாதீங்க.

உறை: பிள்ளைகள் சாப்பிட்டுப் போடும் ஐஸ் பக்கட் உறையைக் கழுவி, காயவைத்து, ஒட்டிய கிளைக்குத் தொப்பியாகப் போடலாம்.

கன்று: அதே இன மரமாக இருக்க வேண்டும். பட்டர்புரூட்டுக்குப் பட்டர்புரூட், மாவுக்கு மா. தோடைக்கு நாரத்தை, எலுமிச்சை வகைக் கன்று சரி. அதற்குக் கிளையை விட அரும்பு ஒட்டுதான் நல்லது.

கிளை: பல வருஷம் நல்ல பழம் தந்த, நோயில்லாத மரத்தில், உரியவரிடம் கேட்டு, பென்சில் பருமனான நுனியை எடுங்க. மொட்டு பருத்திருக்க வேண்டும், விரிந்திருக்கக் கூடாது. இலையைக் கிள்ளி, ஈரத் துணியில் சுற்றி, அன்றைக்கே ஒட்டுங்க.

ஒட்டும் முறை: கன்றை ஒரு சாண் உயரத்தில் வெட்டி, நடுவே ஒன்றரை அங்குலம் பிளந்துகொள்ளுங்க. கிளையின் அடியை ஆப்பு மாதிரி இரு பக்கமும் சீவி உள்ளே இறக்குங்க. தோலுக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு மெல்லிய படை இருக்கிறது. அதுதான் உயிர். கிளை மெலிசாக இருந்தால் ஒரு பக்கமாவது தோலோடு தோல் சேர வேண்டும். நடுவில் வைத்தால் பிடிக்காது. கீழிருந்து மேலே இறுக்கிச் சுற்றி, தொப்பி போட்டு, நிழலில் வையுங்க.

மூன்று நான்கு வாரத்தில் துளிர் வந்தால் தொப்பியைக் கழற்றுங்க. இரண்டு மூன்று மாதத்தில் நாடாவை அறுத்துவிடுங்க. விட்டால் தண்டை நெரிக்கும். ஒட்டுக்குக் கீழே வருகிற துளிரை உடனே கிள்ளுங்க. அது பழைய கன்றின் துளிர்; வளரவிட்டால் நல்ல கிளையைக் கொன்றுவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், ஆடி, ஆவணிக் கச்சான் காற்றிலும் ஒட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. ஒன்றை மட்டும் நம்பாமல் ஐந்து கன்றில் கட்டுங்க. இரண்டு பிடித்தாலும் லாபம்: ஒன்று நமக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு.

உங்கள் லயத்தில் ஊரே புகழ்கிற பழைய மரம் இருந்தால், அது விழும்வரை காத்திருக்காமல் இந்த வருஷமே கிளை எடுங்க.