நேர்ந்துவிட்ட குழந்தைகள்



சென்னையிலிருந்து திருமலைக்குச் செல்லும் அன்பர்கள் திருத்தணியைக் கடந்ததும் நகரி, புத்தூர் ஆகிய ஊர்களைக் காண்பார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் பகுதி இது. இவ்வட்டாரத்துச் சிற்றூர்கள் சிலவற்றில், ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளிலே, மாத்தம்மா வழிபாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. அத்தெய்வத்திற்குப் பெண் குழந்தைகளை நேர்ந்துவிடும் வழக்கத்தைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

குழந்தை கடுங்காய்ச்சலில் கிடக்கிறது. மருத்துவர் தொலைவில் இருக்கிறார், கையிலே காசில்லை, ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. பிழைத்தால் உனக்கே விடுகிறேன் தாயே என்று பெற்றவள் நேர்ந்துகொள்கிறாள். குழந்தை பிழைக்கிறது. பின்னர் ஒரு நாள் அம்மன் பெயரால் அதன் கழுத்தில் தாலி ஏறுகிறது. அதன்பின் அவளுக்கு வேறு மணம் இல்லை. திருவிழாக்களில் ஆடுவதே பிழைப்பாகிறது. வளர்ந்தபின் ஆடவரின் இச்சைக்கு இரையாகிறாள். அவள் பெறும் பிள்ளைகளுக்குத் தந்தையென்று முன்வருவோர் இல்லை.

இதைக் கொடுமை என்னாமல் வேறென்ன சொல்வது? எனினும், பெற்றோரைக் கொடியவர் என்று ஏசுவதால் பயனுண்டா? குழந்தையை வெறுத்து அவர்கள் நேர்ந்துவிடவில்லை. இழக்க அஞ்சியே நேர்ந்துவிட்டார்கள்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று நடத்திய முயற்சியின் பயனாக, தேவதாசியாகப் பெண்களை அர்ப்பணிப்பதைச் சென்னை மாகாணம் 1947-இல் தடை செய்தது. சித்தூர் மாவட்டமும் அன்று அம்மாகாணத்தைச் சேர்ந்ததே. ஆந்திரப் பிரதேசம் 1988-இல் தனிச் சட்டம் இயற்றியது. இருந்தும், சித்தூர், திருவள்ளூர் மாவட்டங்களில் இவ்வழக்கம் தொடர்வதாக எழுந்த புகார்களின் பேரில், தேசிய மனித உரிமை ஆணையம் 2017-இல் இரு மாநில அரசுகளிடமும் விளக்கம் கேட்டது.

சட்டம் தண்டிக்கும், காய்ச்சலைத் தணிக்காது. செவிலியர் வீடு தேடி வரும் ஊரில், அங்கன்வாடியிலே குழந்தையின் எடையைப் பார்த்து உணவும் அளிக்கும் ஊரில், பள்ளிக்கு வராத சிறுமியை ஆசிரியர் விசாரிக்கும் ஊரில், அச்சம் குறையும். அச்சம் குறைந்தால் இத்தகைய நேர்த்திக்கடனும் குறையும். முன்பே நேர்ந்துவிடப்பட்ட பெண்களுக்கு வேறு பிழைப்பும், அவர்களுடைய பெண்மக்களுக்குக் கல்வியும் கிடைத்தால்தான் அது அடுத்த தலைமுறையைத் தொடாது.

வேலை தேடி வேற்று மாநிலங்களில் குடியேறிய நாமும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாட்டியும் அத்தையும் அருகில் இல்லாத ஒற்றை அறையில், கடனும் குடியும் சேர்ந்தால், அடி முதலில் குழந்தையின் மேல்தான் விழும். ஆகவே, குடியேறிய ஊரில் அங்கன்வாடி எங்கே, மருத்துவமனை எங்கே என்று முதலில் அறிந்துகொள்வோம். துன்புறும் குழந்தையைக் கண்டால் 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை அழைப்போம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்க வேண்டும்; அதனிடம் முறையிடலாம்.

அண்டை வீட்டுக் குழந்தை அழுதால், அது அவர்கள் வீட்டு விவகாரம் என்று கதவைச் சாத்திக்கொள்ளாதிருப்போம்.