செல் வளர்க்கும் கை

முதிர்ந்த செல்லைக்கூட, எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய ஆதி நிலைக்குத் திருப்பலாம் என்று காட்டியதற்காக 2012-இல் நோபல் பரிசு பெற்றார் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷின்யா யமனாகா. பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இங்கிலாந்தின் ஜான் கர்டன். யமனாகாவின் ஆய்வகத்தில் தட்டும் பிப்பெட்டுமாக உட்கார்ந்து அந்தச் சோதனையைச் செய்த கஸுதோஷி தகாஹாஷியை எத்தனை பேருக்குத் தெரியும்?

பொறியியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்தவர் அவர். பொறுக்கியெடுத்த 24 மரபணுக்கள் கையில் இருந்தன. எலியின் செல்களுக்குள் தனித்தனியே செலுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. மொத்தத்தையும் சேர்த்துச் செலுத்தினார். ஆதி நிலைக்குத் திரும்பிய செல்கள் திரண்டு எழுந்தன. பிறகு ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, நான்கு போதும் என்று கண்டார்கள். 2006-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் முதல் பெயர் அவருடையதுதான்.

பழுதான உறுப்பைப் புதிய செல்களால் சீராக்க முயலும் மீளுருவாக்க மருத்துவம் இப்படிப்பட்ட கைகளில்தான் நிற்கிறது. ஆராய்ச்சி உதவியாளரின் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். 37 டிகிரி இன்குபேட்டரிலிருந்து தட்டை எடுக்கிறார். பழைய ஊட்டத் திரவத்தை உறிஞ்சிவிட்டு, புதியதைத் தட்டின் ஓரச் சுவரோடு மெல்ல வழியவிடுகிறார். நேரே செல்களின் மேல் ஊற்றினால் பெயர்ந்துவிடும். பொதுவாக இது தினப்படி வேலை. ஞாயிறும் பண்டிகையும் செல்லுக்குத் தெரியாது.

அடுத்தது கண்ணின் வேலை. ஆதி நிலையில் உள்ள இந்த ஸ்டெம் செல்களின் நல்ல கூட்டம் நெருக்கமாக, விளிம்பு தெளிவாக இருக்கும். விளிம்பு கலைந்து செல்கள் தட்டையாகப் பரவினால், அவை தம் போக்கில் மாறத் தொடங்கிவிட்டன. நுண்ணோக்கியில் பார்த்தபடியே அந்தப் பகுதியை மட்டும் பிப்பெட் முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பதைக் குறிப்பேடு முழுதாகச் சொல்லித்தராது. பழகிய கண்தான் சொல்லும். என் மதிப்பில் இந்தத் தொழிலின் உயரம் இதுதான்.

2014-இல் ஜப்பானின் கோபே நகரில், எழுபது வயது கடந்த ஒரு பெண்ணின் தோல் செல்லை அதே ஆதி நிலைக்குத் திருப்பி, அதிலிருந்து விழித்திரை அடுக்கை வளர்த்து அவர் கண்ணிலேயே வைத்தார்கள். அளவு 1.3-க்கு 3 மில்லிமீட்டர். ஓராண்டு கழித்தும் பார்வை கூடவில்லை. ஆனால் மேலும் குறையாமல் நின்றது. அந்தத் துணுக்குக்குப் பின்னால் மாதக்கணக்கான வளர்ப்பு இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஆய்வகத்தில் செல் வளர்ப்பதாகச் சொன்னால், சம்பளத்தோடு நிறுத்தாமல், இன்று நுண்ணோக்கியில் என்ன பார்த்தாய் என்றும் கேளுங்கள்.