பெருந்தரவுக்கும் ஒத்திகை வேண்டும்



பிளஸ் டூ ரிசல்ட் வர்ற காலை நேரத்தை நினைச்சுப் பாருங்க. லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நிமிஷத்தில் ஒரே பக்கத்தைத் திறப்பாங்க. போன் திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். பையன் ஒரு போனில், அம்மா இன்னொரு போனில், மாமா ஊரிலிருந்து மூணாவது போனில். இதே பக்கத்தை ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை திறந்தா, நொடியில் திறந்துடும்.

ஒரு கணினி அமைப்பு சாதாரண நாளில் ஓடுதா என்பது ஒரு கேள்வி. எல்லாரும் சேர்ந்து வர்ற நாளில் தாங்குமா என்பது அதைவிடக் கஷ்டமான கேள்வி. அந்த நாள் வருவதற்கு முன்னாடியே இதற்கு விடை தேடும் இடத்துக்குத்தான் சோதனைக்களம் என்று பெயர். ‘டெஸ்ட் பெட்’னு சொல்லுவாங்க. பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தினால் அது கூட்டுச் சோதனைக்களம்.

இது உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்தான். தேர்தல் நாளில் நாம ஓட்டுச்சாவடிக்குப் போறதுக்கு முன்னாடி, அங்கே ஒரு மாதிரி வாக்குப்பதிவு நடந்து முடிஞ்சிருக்கும். வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுகளைப் போட்டு, எண்ணிக்கை சரியாக வருதான்னு பார்ப்பாங்க. பிறகு அந்த ஓட்டுகளை எந்திரத்திலிருந்து அழிச்சுட்டு, சீல் வெச்சுட்டுத்தான் நிஜ வாக்குப்பதிவைத் தொடங்குவாங்க. இதில் மூணு விஷயத்தைக் கவனிங்க. சோதனை நடப்பது நிஜ எந்திரத்தில். சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பும் கூட இருக்காங்க. சோதனைக்குப் போட்ட ஓட்டு, நிஜ ஓட்டோடு கலக்கவே கலக்காது. இந்த மூணையும் மனசில் வெச்சுக்குங்க. உலகத்தின் மிகப் பெரிய தரவுச் சோதனைகளில் ஒன்றும் இதே மாதிரிதான் நடக்குது.

அது நடப்பது சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் உள்ள செர்ன் ஆய்வகத்தில். பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் ஒன்று இருக்கு. அதில் புரோட்டான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடவிட்டு மோத வைக்கிறார்கள். எல்.எச்.சி. என்பது அந்த எந்திரத்தின் பெயர். மோதலில் என்ன பிறக்குது, என்ன சிதறுதுன்னு பெரிய பெரிய கருவிகள் பதிவு செய்யும். பெரும்பாலான மோதல்களை அந்த நொடியிலேயே கழிச்சுடுறாங்க. தேவையானதை மட்டும் வடிகட்டி வெச்சாலும், சேர்வது பெட்டாபைட் கணக்கில்.

ஒரு பெட்டாபைட் என்றால் 10 லட்சம் ஜிபி. உங்க போன் 128 ஜிபி என்றால், அதுபோல சுமார் 7,800 போன்கள் முழுசா நிரம்பும். வீட்டில் இருக்கிற 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு பெட்டாபைட்டை அனுப்பத் தொடங்கினால், ராத்திரி பகல் நிற்காமல் ஓடினாலும் முடிய இரண்டரை வருஷம் ஆகும். 100 ஜிபிபிஎஸ் இணைப்பில் அனுப்பினாலும் கிட்டத்தட்ட ஒரு நாள்.

இவ்வளவு தரவையும் ஒரே கட்டடத்தில் வைத்து அலச முடியாது. அதனால் வேலையை உலகம் முழுக்கப் பிரிச்சுக்கிட்டாங்க. இன்று 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கணினி மையங்கள் ஒரே வலையாக இணைந்து இந்த வேலையைச் செய்கின்றன. நம்ம நாட்டிலும் மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், கொல்கத்தாவில் உள்ள சைக்ளோட்ரான் மையமும் இதில் இருக்கின்றன. மூலத் தரவு செர்னில் ஒரு பிரதியாக இருக்கும். இரண்டாவது பிரதி, மற்ற நாடுகளில் உள்ள பெரிய மையங்களுக்குள் பங்கிட்டு வைக்கப்படும். ஒரு இடத்தில் என்ன ஆனாலும் தரவு பிழைக்கும்.

இப்போ சிக்கல் எங்கே வருதுன்னு பாருங்க. 170 மையங்கள் என்றால் 170 நிர்வாகங்கள். ஒருத்தர் வைத்திருக்கும் கணினி வேறு, அடுத்தவர் வைத்திருக்கும் மென்பொருள் பதிப்பு வேறு. அதைப் பராமரிக்கும் ஆட்களும், விடுமுறை நாளும்கூட வேறு வேறு. தனித்தனியாக எல்லாரும், ‘எங்க பக்கம் சரியா ஓடுது’ன்னு சொல்லுவாங்க. அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சேர்த்து ஓட்டும்போது ஓடுமா? சேர்த்து ஓட்டிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

அதனால் எல்.எச்.சி. ஓடத் தொடங்கும் முன்பே சோதனைகள் தொடங்கின. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மே மாதத்திலும், எல்.எச்.சி.யின் 4 பெரிய ஆய்வுக் குழுக்களும் ஒரே நேரத்தில் தங்கள் வேலையை இந்த வலையில் ஏற்றிப் பார்த்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் எந்திரத்தில் ஒரு விபத்து நடந்து, ஓராண்டுக்கும் மேல் அது நின்றுபோனது. கணினிக் குழுக்கள் அந்த இடைவெளியில் சும்மா இருக்கவில்லை. 2009 ஜூனில் இன்னொரு பெரிய கூட்டுச் சோதனை நடத்தினார்கள்.

அதில் ஒரு பாடம் கிடைத்தது. பழைய தரவை இன்னும் காந்த நாடாவில்தான் சேமிக்கிறாங்க. விலை குறைவு, நீண்ட நாள் தாங்கும். ஆனால் நாடாவிலிருந்து படிக்க, எந்திரக் கை ஒன்று நாடாவை எடுத்து, கருவியில் பொருத்தி, வேண்டிய இடம் வரைக்கும் சுற்ற வேண்டும். ஒரு குழு மட்டும் கேட்டால் பிரச்சினை இல்லை. பல குழுக்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு நாடாக்களைக் கேட்டால், படிக்கிற நேரத்தைவிட மாத்துற நேரம் அதிகமாகிவிடும். ஒரே கவுன்ட்டரில் அஞ்சு வகையான விண்ணப்பத்துக்கு ஆட்கள் மாறி மாறி வந்து நிற்கிற மாதிரி. அந்தச் சோதனையில் பல மையங்கள் நன்றாகத் தாங்கின. சில மையங்களில் இந்த நாடா வாசிப்புதான் திணறியது. திணறல் தெரிந்ததால் சரிசெய்ய நேரம் இருந்தது. 2010 மார்ச் 30 அன்று உயர் ஆற்றல் மோதல்கள் தொடங்கியபோது வலை தயாராக இருந்தது. 2012 ஜூலை 4-ல் ஹிக்ஸ் போசான் கண்டுபிடிப்பை அறிவிக்க முடிந்ததில் இந்தக் கணினி வலைக்கும் பெரிய பங்கு உண்டு.

கதை அதோடு முடியலை. எல்.எச்.சி.யின் மேம்படுத்திய எந்திரம் 2030-ல் ஓடத் தொடங்கும் எனத் திட்டமிட்டிருக்கிறார்கள். அப்போது தரவு பல மடங்கு கூடும். அந்தச் சுமையை ஒரே மூச்சில் சோதிக்காமல், படிப்படியாக ஏறுகிறார்கள். 2021-ல் எதிர்பார்க்கும் வேகத்தில் 10 விழுக்காடு. 2024 பிப்ரவரியில் 25 விழுக்காடு. இந்த 2024 சோதனையில் எல்.எச்.சி. குழுக்களோடு ஜப்பானில் நடக்கும் பெல் 2 ஆய்வும், அமெரிக்காவின் டியூன் ஆய்வும் சேர்ந்துகொண்டன. எல்லாரும் ஓடுவது பெரும்பாலும் ஒரே இணையப் பாதையில்தானே. பெல் 2 ஆய்வில் நம்ம சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்கிறது.

அந்தச் சோதனையில் கோப்புகளை மையத்துக்கு மையம் அனுப்பினாங்க, போய்ச் சேர்ந்த பிரதிகளைக் கொஞ்ச நேரத்தில் அழிச்சாங்க. மாதிரி வாக்குப்பதிவில் செய்யற அதே வேலை. உள்ளே நுழையும் அடையாள முறையையும் மாற்றிப் பார்த்தார்கள். பழைய சான்றிதழ் முறைக்குப் பதிலாக, நமக்கு வர்ற ஓ.டி.பி. மாதிரி சீக்கிரம் காலாவதியாகும் டோக்கன். முடிவில் என்ன தெரிந்தது? கோப்புகளை வரிசைப்படுத்தி அனுப்பும் மென்பொருள், ஒரேயடியாகக் குவிந்த கோரிக்கைகளில் திணறியது. பாதை அகலமாக இருந்தால் மட்டும் போதாது, வாசலில் டோக்கன் கொடுக்கிறவரும் வேகமாக இருக்கணும். இது நிஜ நாளுக்கு ஆறு வருஷம் முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. சோதனை தோற்றது என்று யாரும் இதைச் சொல்லமாட்டாங்க. தவறு கண்ணில் படணும்னுதானே அதை நடத்துறாங்க.

‘சரி, இதில் எனக்கு என்ன?’ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. உங்க போனுக்கு மூணு விஷயம் சொல்றேன்.

முதல் விஷயம், சரிபார்ப்பு. பெரிய மையங்கள் ஒரு கோப்பை அனுப்பும்போது அதிலிருந்து ஒரு சிறு எண்ணைக் கணக்கிட்டு வைக்கும். சேர்ந்த இடத்தில் மறுபடி கணக்கிட்டு, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும். அரிசி மூட்டையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் எடை போடுவது போல. நீங்களும் சான்றிதழைப் பதிவேற்றியதும் ஒரு தடவை திறந்து பாருங்க. பக்கம் முழுசா இருக்கா, எழுத்து படிக்க முடியுதா? ஒப்புகை எண்ணைக் குறித்து வையுங்க. முக்கியமான ஆவணத்துக்கு இரண்டாவது பிரதி, போனுக்கு வெளியே ஒரு இடத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது விஷயம், உங்க குரல். ஒரு செயலி சோதனைப் பதிப்பாக வரும்போது அதில் குறை இருக்கும். ‘வேலை செய்யலை’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உதவாது. எந்த நாள், எத்தனை மணி, எந்தப் போன், எந்தத் திரையில் நின்றது, என்ன செய்தி வந்தது என்று எழுதுங்க. கடைசி நாள் மாலையில் நெரிசலில் நின்றதா, சாதாரண நேரத்திலும் நின்றதா என்பதையும் சேருங்க. சரிசெய்பவருக்குப் பாதி வேலை அதிலேயே முடிஞ்சுடும்.

மூன்றாவது விஷயம்தான் ரொம்ப முக்கியம். செர்னில் ஓடுவது துகள் மோதல் தரவு. அதில் யாருடைய ஆதார் எண்ணும் கிடையாது. மக்கள் சேவையில் அப்படி இல்லை. தரவு என்பது உங்க பெயர், உங்க நிலம், உங்க குடும்ப அட்டை. அதனால் மக்கள் சேவைக்கான சோதனையில் கற்பனைப் பெயர்களும் கற்பனை எண்களும்தான் ஓட வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், உங்கள் ஒப்புதலின் பேரில் வாங்கும் தகவலைச் சொன்ன நோக்கத்துக்கு, தேவையான அளவுக்கு மட்டுமே பயன்படுத்தணும் என்கிறது.

ஆகவே யாராவது போன் பண்ணி, ‘சார், புது செயலியைச் சோதிக்கிறோம், உங்க ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் சொல்லுங்க’ன்னு கேட்டா, ஒரு வார்த்தை பேசாம வையுங்க. நிஜமான சோதனைக்கு உங்க ஓ.டி.பி. தேவையே இல்லை. ஏமாந்து பணம் போயிடுச்சுன்னா, உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை நிறுத்தி வைக்கிற வாய்ப்பு அவ்வளவு அதிகம். வீட்டில் பெரியவங்க போன் வெச்சிருந்தா, இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது இந்த ஒரு விஷயத்தை அவங்ககிட்டயும் சொல்லிடுங்க.