தாலிக்கு ஒரு பவுன்: தேதியைத் தவறவிடாதீங்க!



கல்யாணப் பேச்சு எடுத்தாலே நம்ம வீடுகளில் முதல் கவலை, "தாலிக்குத் தங்கம்?" என்பதுதான். அதற்கு அரசே தங்க நாணயம் தருகிறது. 2011-ல் 4 கிராம். 2016 முதல் 8 கிராம். அதாவது, முழுசா ஒரு பவுன், 22 காரட்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022-ல் 'புதுமைப் பெண்' திட்டமாக மாறியதும், "நாணயம் நின்னு போச்சு"ன்னு பலர் நினைச்சுட்டாங்க. அப்படி இல்லைங்க. மற்ற நான்கு திட்டங்களில் நாணயம் உண்டு: கணவரை இழந்தவரின் மகளுக்கு ஈ.வெ.ரா. மணியம்மையார் திட்டம், ஆதரவற்ற பெண்ணுக்கு அன்னை தெரசா திட்டம், மறுமணத்துக்கு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் திட்டம், கலப்புத் திருமணத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம். நாணயத்தோடு 25,000 ரூபாய். பட்டம், டிப்ளமோ படித்திருந்தால் 50,000.

இதில் பலர் கோட்டை விடுவது தேதியில்தான். மணியம்மையார், அன்னை தெரசா திட்டங்களுக்குத் திருமணத்துக்கு 40 நாள் முன்பே விண்ணப்பிக்கணும். மறுமணம் என்றால், திருமணம் முடிந்து 6 மாதத்துக்குள்; கலப்புத் திருமணம் என்றால், 2 வருஷத்துக்குள்.

எங்கே போகணும்? பக்கத்து இ-சேவை மையம் போதும். சந்தேகம் இருந்தால், விருதுநகர் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்க. நாணயம் வாங்கித் தர்றேன்னு யாராவது காசு கேட்டா, கொடுக்காதீங்க.

முகூர்த்தம் குறிச்ச அன்னைக்கே, போன் காலண்டரில் அந்த 40-வது நாளையும் குறிச்சு வைங்க. ஒரு பவுன் உங்க வீட்டுப் பெண்ணோட உரிமை.