புகைக்கு வரியா, வயதுக்கு வரியா?

(குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தேன். நம்மில் பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில்தான் வந்திருக்கிறோம். இரண்டு மூன்று மின்சார ஸ்கூட்டர்களும் நிற்கின்றன. எனவே நான் பேசப்போவது நம் எல்லோருக்கும் பழக்கமான செய்திதான்.

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் விழுக்காடு பாடம் நடத்தினேன். சுற்றுச்சூழலையும் சேர்த்துச் சொல்வோமே என்ற ஆர்வத்தில், "பழைய வண்டி வைத்திருப்பவர்கள் காற்றைக் கெடுக்கிறார்கள், அதனால்தான் அரசு பசுமை வரி வாங்குகிறது" என்றேன். மணி அடித்த பிறகு ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்தாள். "சார், எங்கப்பா பழைய டி.வி.எஸ். 50-லதான் கீரை விக்கிறாரு. அவரு தப்பு பண்றாரா சார்?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தமிழ்நாட்டில் புதிய மோட்டார் சைக்கிள் வாங்கும்போதே வாழ்நாள் வரியைக் கட்டிவிடுகிறோம். முன்பு அது விலையில் 8 விழுக்காடு. 2023 நவம்பர் முதல், விலை 1 லட்சம் ரூபாய் வரை இருந்தால் 10 விழுக்காடு. அதற்கு மேல் போனால் 12 விழுக்காடு. விலை 1,00,000 என்றால் வரி 10,000 ரூபாய். விலை 1,01,000 என்றால் 12,120 ரூபாய். விலையில் வித்தியாசம் 1,000. வரியில் வித்தியாசம் 2,120! பிள்ளைகள் வியந்து ரசிக்கும் கணக்கு இது.

மின்சார வண்டிக்கோ 2023 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின் வாகனக் கொள்கை முழு வரி விலக்கு அளித்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த விலக்கு யார் கைக்குப் போகிறது? புது வண்டி வாங்க முடிந்தவர் கைக்கு. கீரை விற்பவர் 10,000 ரூபாய் வரியை மிச்சப்படுத்த வேண்டுமானால், முதலில் 1 லட்சம் ரூபாய் புரட்ட வேண்டும்.

பழைய வண்டியின் கதை வேறு. பதிவு செய்து 15 ஆண்டுகள் முடிந்தால் ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது பசுமை வரியும் கட்ட வேண்டும். புதுப்பிப்புக் கட்டணமும் 2022 ஏப்ரல் 1 முதல் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வாழ்நாள் வரி வண்டியின் விலையைப் பார்க்கிறது. பசுமை வரி வண்டியின் வயதைப் பார்க்கிறது. தினம் 5 கிலோமீட்டர் ஓடுகிறதா, 60 கிலோமீட்டர் ஓடுகிறதா என்று இரண்டுமே கேட்பதில்லை. ஓட்டத்துக்கு ஏற்றபடி கூடிக் குறைவது பெட்ரோலோடு சேர்த்து நாம் கட்டும் வரி மட்டுமே.

அதற்காக அரசின் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்கப்படும் வண்டிகள், பழையவற்றைவிடக் குறைவாகவே நச்சுப் புகையை வெளியிட வேண்டும். ஒவ்வொரு வண்டியின் புகையையும் தினமும் அளந்து வரி போடுவது நடக்கிற காரியமா? விலையும் வயதும் ஆவணத்திலேயே இருக்கின்றன. எளிதில் அளக்கக்கூடியதை வைத்து, அளக்கக் கடினமானதை மதிப்பிடுகிறோம். நாமும் மூன்று மணி நேரத் தேர்வை வைத்து ஒரு பிள்ளையின் அறிவை மதிப்பிடுகிறோம் அல்லவா? அதில் உள்ள குறை இதிலும் இருக்கிறது.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது அரைகுறை" என்று ஒப்புக்கொண்டேன். பிறகு ஒரு செயல்பாடு கொடுத்தேன். வீட்டு வண்டி எந்த ஆண்டு பதிவானது, தினம் எவ்வளவு தூரம் ஓடுகிறது, பெட்ரோலுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன். வண்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பேருந்துச் செலவை எழுதினார்கள். பிறகு குழுவாக அமர்ந்து, "நீங்கள் வரி போட்டால் எதை அளந்து போடுவீர்கள்?" என்ற கேள்விக்கு விடை தேடினார்கள். ஒரு குழு தூரம் என்றது. இன்னொரு குழு புகைச் சான்றிதழ் என்றது. "வண்டிய வச்சுப் பொழைக்கிறவங்களுக்குப் பாதி வரி போதும் சார்" என்றான் ஒருவன். "அப்படின்னா அந்தப் புகை மட்டும் நெஞ்சுக்கு நல்லதா?" என்று திருப்பிக் கேட்டாள் அதே மாணவி. அப்பாவுக்காகக் கலங்கிய பிள்ளைதான் அப்படிக் கேட்டாள்.

நண்பர்களே, பசுமையைப் பற்றிப் பேசும்போது நம் வகுப்பில் யாருடைய அப்பா எந்த வண்டியில் போகிறார் என்பதையும் நினைத்துக்கொள்வோம். காற்றைக் காக்கத்தான் வேண்டும். அதற்கான செலவை யார் தலையில் எவ்வளவு வைப்பது என்று கணக்குப் போடவும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். இரண்டையும் சொல்லிக்கொடுப்பது நம் வேலை.