குட்டை நீர் பச்சையாவதேன்?

பண்டாரவளையிலிருந்து வெலிமடைப் பக்கம் செல்வோர், மலைச்சரிவுகள் படிப்படியாக வெட்டப்பட்டு உருளைக்கிழங்கும் போஞ்சியும் கோவாவும் விளைவதைக் காண்பர். மேலே தோட்டம், கீழே வீடு, வீட்டின் பின்னே ஊற்று நீரைத் தேக்கிய சிறு குட்டை. அதில் சில மீன்கள் வளரும். மாடு நீர் குடிக்கும். ஐப்பசி மழையில் அந்நீர் செந்நிறமாகும். மழை ஓய்ந்து சில நாள் வெயில் காய்ந்ததும் பச்சையாகிவிடும். பின்னர் ஒரு விடியலில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும்.

உடனே வீட்டுக்காரருக்கு நினைவு வருவது துரிசு. 1946இல் தேயிலைக் கொப்புள நோய் இலங்கைக்கு வந்த காலந்தொட்டு, செப்பு கலந்த மருந்துகள் மலைநாட்டாருக்குப் பழக்கமானவை. துரிசு பாசியைக் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் அளவு சற்று மிகுந்தால் மீனையும் கொல்லும். அதுமட்டுமன்று: செத்த பாசி அழுகுகையில் நீரிலுள்ள ஒட்சிசனை உண்டுவிடுகிறது; தான் உண்ட சத்தையெல்லாம் மீண்டும் நீரிலேயே விடுகிறது. அடுத்த பாசிக்கு அதுவே உணவு. செம்போ சேற்றிலே தங்கிவிடும்.

அந்தச் சத்து எது? கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 226 என்னும் எண்ணுடைய ஏரியை 1973இல் டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞரின் குழுவினர் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் காபனும் நைதரசனும் இட்டனர். மறுபாதியில் அவற்றுடன் பொசுபரசும் இட்டனர். பொசுபரசு விழுந்த பாதி பச்சைப் பசேலென்று மாறிற்று. மற்றது தெளிவாகவே இருந்தது.

இப்பொசுபரசு இரசாயனப் பசளையில் மட்டும் இருப்பதன்று. மரக்கறித் தோட்டங்களில் தாராளமாகக் கொட்டப்படும் கோழியெருவிலும் உண்டு. ஆகவே இரசாயனப் பசளையைக் கைவிட்டதனால் மட்டும் குட்டை தெளிந்துவிடாது. இன்னொன்றும் அறியவேண்டும். நைதரசன் நீரில் எளிதில் கரைந்து ஓடும். பொசுபரசின் பெரும்பகுதியோ மண்துகளைப் பற்றிக்கொண்டே வரும். மண்ணை மறித்தால் பாசியின் உணவையும் மறித்தவாறாகும்.

மண்ணை மறிக்கும் வித்தையைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, இடையிடையே குழி விட்டு, வண்டலைத் தங்க வைப்பது அவர்கள் தலைமுறைகளாகச் செய்த வேலை. அதே கானைக் குட்டைக்கு மேற்புறம் வெட்டி, தோட்டத்து மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம். அந்நீர் அடுத்தவர் கிணற்றடிக்குப் போகாதவாறு பார்த்துக்கொள்வது அவசியம். கானின் மேல்விளிம்பில் மானாப்புல்லோ வெட்டிவேரோ நெருக்கமாக நட்டால் வண்டல் புல்லிலேயே படியும். மேல்தோட்டம் வேறொருவருடையதாயின், குட்டையின் அழுக்கைச் சொல்லி வழக்காடுவதைவிட, அவர் காசு கொடுத்து வாங்கிய பசளை மழையோடு போவதை எடுத்துக்காட்டுவது பயன் தரும். பெருமழைக்கு முன்னாள் பசளை தூவாமலிருந்தாலே இருவருக்கும் ஆதாயம்.

குட்டைக்குள் செய்யவேண்டியவையும் சில உண்டு. நூல்போல் படரும் பாசியை மூங்கில் வாரியால் வாரி, நீர் திரும்ப வடியாத இடத்தில் குவித்து எருவாக்கலாம். அல்லி வளர்த்து நீர்ப்பரப்பில் ஏறத்தாழப் பாதிக்கு நிழல் தரலாம். ஆகாயத்தாமரையை மட்டும் அழகு கருதி விடலாகாது. அதை ஒழிக்க இந்நாட்டில் 1909இலேயே சட்டம் இயற்ற நேர்ந்தது.

நீரின் மேல் பச்சைச் சாயம் ஊற்றியதுபோல் ஏடு படிந்தால் விளையாட்டன்று. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்திலும் 1999இல் கண்டிக் குளத்திலும் பெருகிய மைக்கிரோசிஸ்ரிஸ் அவ்வகையினதே. ஈரலைத் தாக்கும் நஞ்சை அது உண்டாக்கவல்லது. கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. ஏடு படிந்த நீரை மாட்டுக்கும் காட்டலாகாது, அடுக்களைக்கும் எடுக்கலாகாது, பிள்ளைகளை இறங்கவும் விடலாகாது.

கான் வெட்டிய முதலாண்டிலேயே நீர் தெளியாவிட்டால் மனந்தளர வேண்டியதில்லை. பல்லாண்டுகள் படிந்த சேறு தன்னிடமுள்ள பொசுபரசைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டிருக்கும். ஆடி, ஆவணி வறட்சியில் நீர் வற்றும்போது, மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, அச்சேற்றை அள்ளவேண்டும். துரிசு இடாத குட்டையின் சேறாயின், உலர்த்திக் கூடையில் சுமந்து, அது இறங்கிவந்த உருளைக்கிழங்குப் பாத்திக்கே கொண்டுபோய் இடலாம்.