எந்தக் கணினியிலும் ஒரே பட்டறை

நம் பினாங்கில் ஒரு சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறுப்பினர் பெயர், சந்தா, மரண சகாய நிதி ஆகியவற்றின் கணக்கைக் கவனிக்க, கல்லூரி மாணவர் ஒருவர் தம் லினக்ஸ் கணினியில் ஒரு நிரல் எழுதித் தருகிறார். நான்கு ஆண்டுகள் அது குறையின்றி ஓடுகிறது. பிறகு மாணவர் வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போய்விடுகிறார்; பழைய கணினியும் பழுதாகிறது. புதிய கணினியில் ஏற்றினால் நிரல் ஓட மறுக்கிறது. அல்லது ஓடிக்கொண்டே தவறு செய்கிறது. "என்னிடம் சரியாகத்தானே ஓடியது!" என்கிறார் மாணவர். அவர் சொல்வது பொய்யன்று. அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

எந்த நிரலும் தனித்து ஓடுவதில்லை. இயங்குதளத்தையும், துணை நிரல் தொகுப்புகள் பலவற்றையும் நம்பியே ஓடுகிறது. அவற்றுள் ஒன்று மாறினாலும் விளைவு மாறலாம். லினக்ஸின் அடிப்படைத் தொகுப்பான கிலிப்சி, 2018ஆம் ஆண்டு வெளிவந்த 2.28ஆம் பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளை மாற்றியது. பழைய விதிப்படி அடுக்கிய தரவுத்தளத்தை அப்படியே நகலெடுத்துப் புதிய லினக்ஸில் வைத்தால், பட்டியலில் இருக்கும் பெயரையே "இல்லை" என்று அது சொல்லக்கூடும். இறந்தவரின் குடும்பம் உதவி கேட்டு வரும் நேரத்தில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்.

இதற்கு ஒரு வழி, மெய்நிகர் இயந்திரம். ஒரு கணினிக்குள்ளே மென்பொருளால் அமைந்த இன்னொரு கணினி அது. அதற்கென்று நினைவகம், வட்டு, வலையட்டை எல்லாம் உண்டு. வெளியே விண்டோஸ் இருக்கலாம். உள்ளே லினக்ஸ் ஓடும். உள்ளே நாம் செய்யும் மாற்றம் வெளியே உள்ளதைக் கெடுக்காது.

இது நேற்று முளைத்த கருத்தன்று. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே இதைப் பெருங்கணினிகளில் செய்து பார்த்தது. 1972இல் விஎம்/370 என்னும் மென்பொருளை அறிவித்தது. அதே 1972இல்தான் நம் பாயான் லெப்பாஸில் இன்டெல் நிறுவனம் தன் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஏஎம்டி நிறுவனமும் அவ்வாண்டே இங்கு வந்தது. ஆனால் மேசைக் கணினிகளின் சில்லுகள் இதற்கு ஏற்றவாறு வடிவமைக்கப்படவில்லை. விஎம்வேர் நிறுவனம் 1999இல் மென்பொருள் உத்தியால் அத்தடையைக் கடந்தது. பிறகு இன்டெல் 2005இலும், ஏஎம்டி 2006இலும் சில்லுக்குள்ளேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. இன்று சாதாரண மடிக்கணினியிலும் அவ்வசதி இருக்கிறது. சில கணினிகளில் மட்டும் தொடக்க அமைப்புத் திரையில் அதை இயக்கிவிட வேண்டும்.

ஆயினும் மெய்நிகர் இயந்திரம் மட்டும் போதாது. கையால் ஒவ்வொன்றாக நிறுவிச் செய்த இயந்திரத்தை அப்படியே நகலெடுத்துக் கொடுப்பது, மீன் கறியைச் சட்டியோடு கொடுப்பதைப் போன்றது. உண்ணலாம், ஆனால் அதில் என்னென்ன சேர்ந்தது என்று தெரியாது. சட்டி உடைந்தால் கறியும் போயிற்று. நமக்கு வேண்டியது சமையற் குறிப்பு.

அந்தக் குறிப்பை எழுதத்தான் மிட்செல் ஹஷிமோட்டோ 2010இல் வேகிரண்ட் என்னும் கருவியை வெளியிட்டார். எந்த லினக்ஸின் எந்தப் பதிப்பு, எவ்வளவு நினைவகம், எந்தெந்தத் தொகுப்புகள் என்பதை ஒரு சிறிய உரைக் கோப்பில் எழுதிவைக்கிறோம். ஒரே கட்டளை கொடுத்தால், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளின் துணையோடு அது இயந்திரத்தை உருவாக்கிவிடுகிறது. இன்னொரு கட்டளையால் அதை அழித்தும்விடலாம்.

இங்கே நாம் மூன்று விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். முதலாவது, "புதியது எதுவோ அது" என்று எழுதாமல் பதிப்பு எண்ணைக் குறிப்பிட வேண்டும். இல்லையேல் இன்று கிடைப்பது வேறு, அடுத்த ஆண்டு கிடைப்பது வேறு ஆகிவிடும். டெபியன் திட்டத்தார் பழைய தொகுப்புகளைத் தேதிவாரியாகச் சேமித்து வைத்திருப்பது இதற்குப் பெரிதும் உதவும். இரண்டாவது, இயந்திரத்துக்குள் புகுந்து கையால் எதையும் திருத்தலாகாது. திருத்தம் குறிப்பில்தான் வர வேண்டும். மூன்றாவது, அவ்வப்போது இயந்திரத்தை அழித்துவிட்டு, வேறொருவர் கணினியில் குறிப்பை மட்டும் கொண்டு மீண்டும் உருவாக்கிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத குறிப்பு முழுமையான குறிப்பாகாது. கணக்குத் தரவை இயந்திரத்துக்கு வெளியே தனியாகக் காத்துவைத்த பிறகே அழிக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இதற்கும் எல்லை உண்டு. 2020 முதல் ஆப்பிள் கணினிகளில் வரும் சில்லுகள் இன்டெல் வகையைச் சேர்ந்தவை அல்ல. ஒரு வகைக்கென்று அமைத்த இயந்திரம் மற்றதில் வேகமாக ஓடாது, சில வேளை ஓடவே ஓடாது. மேலும், பதிப்பை நிலையாக நிறுத்தினால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். ஆகவே காலம் குறித்து, சோதித்து, அறிந்தே பதிப்பை உயர்த்த வேண்டும்.

நேயர்களே, நிரல் எழுதியவர் ஊர் மாறலாம், கணினியும் பழுதாகலாம். குறிப்பு இருந்தால் வேலை நிற்காது. அடுத்த முறை உங்கள் சங்கத்துக்கு ஓர் இளைஞர் நிரல் எழுதித் தரும்போது, நன்றி சொல்லிவிட்டு ஒரு கேள்வியும் கேளுங்கள்: "தம்பி, இதைப் புதிய கணினியில் எழுப்பும் குறிப்பு எங்கே?"